சுற்றுக்கு ஒரு கையகலம்

மரக்காணம் உப்பளத்திலிருந்து வரும் மண்பாதை ஈசிஆர் சாலையைத் தொடுகிற இடத்தில் ஓர் எடை மேடை இருக்கிறது. அங்கே சீட்டுப் போடுவது என் வேலை. வெறும் வண்டி ஏறும்போது ஒரு எடை, உப்போடு ஏறும்போது ஒரு எடை, கழித்தால் மிஞ்சுவது உப்பு. இதற்குச் சண்டை போடாத டிரைவரை நான் பார்த்ததில்லை. மிஷின் பொய் சொல்லுது என்பார்கள். மிஷினுக்கு ஏன்யா பொய் சொல்லணும், அதுக்கு என்ன புள்ளகுட்டியா இருக்குது என்று கேட்டு, சீட்டைக் கிழித்துக் கையில் திணித்து அனுப்புவேன். அதை நான் நிஜமாகவே நம்பித்தான் சொன்னேன்.

என் புருஷன் ராஜவேல் லாரி டிரைவர். போன சித்திரையில் தொப்பூர் இறக்கத்தில் வண்டி கவிழ்ந்து செத்துப்போனார். சாவு எல்லார் வீட்டிலும்தான் வருகிறது, அதை எப்படியாவது விழுங்கிவிடலாம். ஆனால் இவர் டீசல் திருடன் என்ற பெயரோடு போனார். டீக்கடையில் நான் நுழைந்தால் பேச்சு நிற்கும். என் பெண் அருள்மொழியிடம் பள்ளிக்கூடத்தில் ஒருத்தி நேராகவே கேட்டுவிட்டாள். அந்தப் பெயரை அவர் தலையிலிருந்து இறக்க வேண்டும் என்பதைத் தவிர இத்தனை மாதமும் எனக்கு வேறு நினைப்பில்லை.

லாரி இரண்டு பேருடையது. கோட்டக்குப்பம் பஷீர் அஹமதுவும் இவரும் ஒன்றாகப் பள்ளிக்கூடம் போனவர்கள். ஒன்றாகப் போகாமல் கடலில் குதித்துக்கொண்டிருந்தவர்கள் என்பதுதான் சரி. பஷீரண்ணன் குவைத்தில் ஒரு கடையில் பல வருஷம் நின்று சம்பாதித்துத் திரும்பியபோது, அந்தப் பணத்தில் மூன்றாம் கை ஆறு சக்கர லாரி ஒன்றை வாங்கினார்கள். முதல் அவருடையது, உழைப்பு இவருடையது, லாபம் பாதிப் பாதி. வண்டியின் நெற்றியில் 'ஷஹானா – அருள்மொழி' என்று இரண்டு பேருடைய பெண்களின் பெயரையும் எழுதிவைத்தார்கள். யார் பெண் பெயர் முதலில் வருவது என்று இரண்டு நாள் சண்டை. இவர்தான் விட்டுக்கொடுத்தார். விட்டுக்கொடுப்பதில் இவரை மிஞ்ச ஆள் கிடையாது, என்னிடம் தவிர.

ஓட்டம் எப்போதும் ஒரே தடம்தான். மரக்காணத்தில் உப்பு ஏற்றி பெங்களூரில் இறக்குவது, அங்கிருந்து சேலத்துக்கு ஏதாவது லோடு பிடிப்பது, அதை இறக்கிவிட்டு உளுந்தூர்பேட்டை வழியாக வீடு. போகிற தூரமெல்லாம் நாலுவழிச் சாலை. பழைய டயர்கள் மொட்டையானபோது இவருக்கு ஒரு யோசனை வந்தது. கம்பெனி மாட்டிக்கொடுத்த தொள்ளாயிரம் இருபதுக்குப் பதிலாக அடுத்த அளவு, ஆயிரம் இருபது, போட்டுவிட்டால் என்ன என்றார். டயரின் அளவை இப்படி நம்பரில்தான் சொல்வார்கள். ஆயிரம் கொஞ்சம் உயரம், அவ்வளவுதான்.

அந்த ஒரு வாரம் எங்கள் வீட்டில் டயரைத் தவிர வேறு பேச்சில்லை. எனக்குப் புடவை எடுக்க வந்தால் கடை வாசலிலேயே நிற்கிற மனுஷன், திண்டிவனத்தில் டயர்க் கடை கடையாக ஏறி இறங்கினார். எனக்குப் புரியவைக்க ஓர் உதாரணம் வேறு.

"நானும் நீயும் கோயிலுக்கு நடந்து போறோம்ல? நான் ஒரு எட்டு வச்சா நீ ஒன்றரை எட்டு வைக்கிற. அங்க போனதும் யாருக்கு மூச்சு வாங்குது?"

"எனக்குத்தான். நீ கொஞ்சம் மெதுவா நடக்கலாம்ல?"

"அதாம்மா. டயரு ஒசரமா இருந்தா ஒரு சுத்துக்கு அதிக தூரம் போவும். அதே ஸ்பீடுக்கு இஞ்சின் கம்மியா சுத்தினா போதும். டாப் கியர்ல போட்டு ஒரே சீரா விட்டேன்னு வை, டீசல் தானா மிச்சமாவும்."

டயர்க் கடைக்காரர் ஒன்று சொல்லியிருந்தார். பெரிய டயர் போட்டால் மேட்டில் கொஞ்சம் இழுக்காது, டவுன் ஓட்டத்துக்கு ஆகாது, ஹைவேக்கு நல்லது. டயர் பெரிதானால் மீட்டர் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, இவரும் கேட்கவில்லை. பஷீரண்ணன் முதலில் முணுமுணுத்தார். இவர் தன் பொறுப்பு என்று சொன்ன பிறகு சரி என்றார். ஆறு சக்கரத்துக்கும் புது டயர் வந்தது. வண்டிக்கு அடியில் தொங்குகிற ஸ்டெப்னி மட்டும் பழைய அளவிலேயே இருந்தது, அதற்கும் சேர்த்து மாற்ற அப்போது வழியில்லை.

முதல் ஓட்டம் முடிந்து வந்து எடை மேடையில் ஏற்றியபோது இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. வண்டி மிதக்குது மலரு என்றார். உன் மாமனார் வீட்டில் வாங்கித் தந்த கார் பார், மிதக்கும் என்றேன்.

பஷீரண்ணனுக்கு ஒரு பழக்கம். வண்டி ஒவ்வொரு முறை திரும்பும்போதும் வந்து கேபினில் ஏறி மீட்டரைத் தன் போனில் படம் எடுத்துக்கொள்வார். சந்தேகத்தில் அல்ல, கடையில் நின்றவரின் பழக்கம். புது டயர் போட்ட சில ஓட்டங்களுக்குப் பிறகு அவர் முகம் மாற ஆரம்பித்தது. ஒரே தடம், ஒரே ஊர், ஆனால் மீட்டரில் ஏறுகிற கிலோமீட்டர் ஒவ்வொரு முறையும் பழைய டயரில் ஏறியதைவிடக் குறைவாகவே இருந்தது. டீசல் கொஞ்சம் குறைந்திருந்ததுதான். தூரம் அதைவிடக் குறைந்திருந்தது. லிட்டருக்கு இவ்வளவு என்று கணக்குப் போட்டால், டயர் மாற்றும் முன்பு கிடைத்ததைவிட மைலேஜ் ஒரு படி கீழே நின்றது.

லாரித் தொழிலில் இதற்கு ஒரே ஓர் அர்த்தம்தான் உண்டு. கியர்பாக்ஸிலிருந்து மீட்டருக்குப் போகிற கேபிளின் நட்டைக் கழற்றிவிட்டால் வண்டி ஓடும், மீட்டர் ஓடாது. முதலாளிக்குத் தெரியாமல் அவர் டீசலிலேயே நடுவில் ஒரு சில்லறை லோடு அடிக்கிற டிரைவர்கள் செய்கிற வேலை. இந்த வித்தையை பஷீரண்ணனுக்குச் சொல்லிக்கொடுத்ததே இவர்தான். வேறு ஏதோ ஒரு வண்டியைப் பற்றிச் சொல்லி, எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து இரண்டு பேரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். நான்தான் டீ போட்டுக் கொடுத்தேன்.

தை மாதம் ஒரு மத்தியானம், வண்டி எடை மேடை ஓரமாக நின்றிருந்தபோது பஷீரண்ணன் கேட்டுவிட்டார்.

"டேய் ராஜவேலு, டயரு டீசல மிச்சம் பண்ணுதுன்னு ஒத்துக்கறேன். அந்த மிச்சம் எங்கடா போவுது?"

"எங்கடா போவும்? மைலேஜ் ஏறல. எனக்கும் புரியல."

"மைலேஜ விடு. பெங்களூரு என்ன கிட்ட வந்துடுச்சா? தூரம் எப்பிடிடா கொறையும்?"

  பஷீரண்ணன் சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தார். ஷஹானாவின் நெயில் பாலிஷ், நல்ல சிவப்பு. வண்டிக்கு அடியில் படுத்து, கேபிள் நட்டின் மேல் தாராளமாகப் பூசிவிட்டு எழுந்தார். நட்டைத் திருகினால் பாலிஷ் வெடிக்கும், காட்டிக்கொடுத்துவிடும். உப்பு மூட்டை ஏற்றுகிற ஆட்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அன்று சாயங்காலமே ஊருக்குத் தெரிந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து இவர் சாப்பிடவில்லை.

"கன்னத்துல ரெண்டு விட்டிருந்தாகூட வாங்கிக்கிட்டு போயிருப்பேன் மலரு. நட்டுக்குப் பாலிஷ் பூசிட்டான்."

"நீயும் ஏன்யா மரம் மாதிரி நின்ன? எடுக்கலைன்னு சொல்ல வேண்டியதுதான?"

"எடுக்கலைன்னா தூரம் எங்கன்னு கேப்பான். தெரியாத விஷயத்துக்கு நான் என்னத்த சொல்றது?"

அடுத்த ஓட்டம் முடிந்து வந்தபோது பாலிஷ் பூசியபடியே இருந்தது, ஒரு கீறல் இல்லை. மீட்டரில் தூரம் மட்டும் அதே அளவு குறைந்திருந்தது. எனக்கு அப்பாடா என்றிருந்தது. பஷீரண்ணன் வண்டிக்கு அடியிலிருந்து எழுந்து தூசியைத் தட்டிக்கொண்டிருந்த அதே நேரத்தில் அருள்மொழி எனக்குச் சோறு எடுத்துக்கொண்டு வந்தாள். அவள் விரல் நகத்தில் சிவப்பு நெயில் பாலிஷ். ஷஹானாவும் இவளும் எப்போதும் ஒரே நிறம்தான் வாங்குவார்கள், அதே பாட்டில் எங்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது. பஷீரண்ணன் அவள் கையைப் பார்த்தார். பிறகு இவரைப் பார்த்தார். பைக்கை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அருள்மொழி அன்று ராத்திரியே பிளேடு வைத்துச் சுரண்டி எடுத்துவிட்டாள், அதற்குப் பிறகு பூசவே இல்லை.

வேறு ஆளாக இருந்தால் வண்டிச் சாவியை மூஞ்சியில் எறிந்துவிட்டு வந்திருப்பான். இவர் வேறு மாதிரி. தவறு டயரில்தான் இருக்கிறது, டயர் தன் யோசனை, அதனால் தன் தவறு என்று முடிவு கட்டிக்கொண்டார். டயர் மிச்சம் பிடிக்காததைத் தான் மிச்சம் பிடித்துக் காட்டினால் மைலேஜ் ஏறும், பஷீருக்கு வாய் அடைத்துவிடும் என்று கணக்கு. வேகத்தைக் குறைத்தார். சிக்னலில் இஞ்சினை அணைத்தார். கடைசியில், இறக்கம் வந்தால் கியரைத் தள்ளி நியூட்ரலில் போட்டு வண்டியைச் சும்மா உருளவிட ஆரம்பித்தார்.

அது நாலு டிரைவரில் மூன்று டிரைவர் செய்வதுதான். வண்டி தன் பாரத்திலேயே ஓடும், டீசல் குடிக்காது என்ற நம்பிக்கை. ஆனால் கியரில் இருக்கும்போது இஞ்சின் வண்டியைப் பிடித்துக்கொண்டே வரும். நியூட்ரலில் பிரேக் ஒன்றுதான் கதி. அது சூடேறிவிட்டால் கடவுள் ஒன்றுதான் கதி. சேலம் லோடோடு தொப்பூரில் இறங்கும்போதும் அப்படித்தான் வருகிறேன் என்று இவரே ஒருநாள் சொன்னார்.

"அதெல்லாம் வேணாம்யா. மைலேஜும் வேணாம், ஒரு மண்ணும் வேணாம். வேற வண்டிக்குப் போயிடு."

"இப்ப போனா திருடிட்டு ஓடிட்டான்னுதான் சொல்லுவாங்க. ரெண்டு மாசம் பொறு. மைலேஜ ஏத்திக் காட்டிட்டு, சாவிய அவன் கையில குடுத்துட்டு வந்துடறேன்."

மைலேஜ் ஏறத்தான் செய்தது. கொஞ்சம், மிகக் கொஞ்சம். போனில் அதைச் சொல்லும்போது குரலில் சின்னப் பிள்ளையின் சந்தோஷம். தொப்பூர் தாண்டிட்டுக் கூப்பிடறேன் என்று வைத்தார். போன் வந்தது, ஆனால் அது தர்மபுரி ஆஸ்பத்திரியிலிருந்து வேறு யாரோ.

பஷீரண்ணன்தான் ஓடினார். அவர்தான் உடம்பை வாங்கி ஆம்புலன்ஸில் கூடவே உட்கார்ந்து கொண்டுவந்தார். சுடுகாடு வரை தோள் கொடுத்தார், அதைச் சொல்லாமல் விட்டால் எனக்குப் பாவம். ஆனால் வண்டியைப் பார்த்த இன்ஸ்பெக்டர் கியர் நியூட்ரலில் இருந்தது என்று சொன்ன செய்தியும் ஊருக்கு வந்து சேர்ந்துவிட்டது. மிச்சம் பிடிச்ச டீசலை விக்கத்தான நியூட்ரல்ல வந்திருக்கான் என்றது ஊர். அது உண்மையில்லை என்று சொல்ல ஒரே ஒரு ஆளால்தான் முடியும். அந்த ஆள் என் வீட்டு வாசலில் தலையைக் குனிந்துகொண்டு நின்றாரே தவிர வாயைத் திறக்கவில்லை. ஊர்ப் பேச்சைவிட அந்த மௌனத்தின் மேல்தான் எனக்கு ஆத்திரம் வந்தது.

வண்டியைத் தூக்கிவந்து புது கேபின் போட்டார்கள். நெற்றியில் பெயர் எதுவும் எழுதவில்லை. டயர்கள் பிழைத்திருந்தன. பின்சக்கரத்தின் வெளி டயரில் மட்டும் உள்ளங்கை அளவுக்கு ஒரு துண்டு பிய்ந்துபோயிருந்தது. ஓட்டுவதற்கு இரும்பை கிராமத்திலிருந்து சரத்குமார் என்று ஒருவர் வந்தார். நாற்பது வயது, பேச்சு குறைவு. வண்டி மேடையில் ஏறும்போதெல்லாம் நான் கண்ணாடிக்குப் பின்னால் நம்பரை மட்டும் பார்ப்பேன், அந்த கேபினை நிமிர்ந்து பார்க்கமாட்டேன்.

புரட்டாசியில் முதல் மழை பெய்தது. உப்புப் பாத்திகள் கரைந்து, ஓலை போட்டு மூடிய அம்பாரங்களிலிருந்து மட்டும் லோடு போய்க்கொண்டிருந்தது. அப்படி ஒரு காலையில் சரத்குமார் சீட்டு வாங்க வந்தவர் நகராமல் நின்றார்.

"யக்கா, ஒண்ணு கேட்டா தப்பா எடுத்துக்க மாட்டீங்களே?"

"கேளுப்பா."

"பாய் என்ன நம்ப மாட்றாரு. கேபிளக் கழட்டறியான்னு கேக்கறாரு. எங்க அம்மா சத்தியமா நான் தொடலக்கா. நேத்து போன்ல மேப்பப் போட்டுக்கிட்டே வந்தேன். மேப்பு ஒரு தூரம் காட்டுது, மீட்டரு அதவிடக் கம்மியா காட்டுது. வழி பூரா அப்படியேதான். இந்த மீட்டரே பொய் சொல்லுதுக்கா."

மிஷினுக்கு ஏன்யா பொய் சொல்லணும் என்று வாய் வரைக்கும் வந்தது. வெளியே வரவில்லை. நான் கதவைத் திறந்துகொண்டு இறங்கி வண்டிப் பாதைக்குப் போனேன்.

ராத்திரி மழையில் களிமண் மெத்தென்று இருந்தது. வண்டி வந்த தடம் அச்சுப் பதித்தது போலக் கிடந்தது. பிய்ந்த டயரின் அடையாளம் தெளிவாகத் தெரிந்தது. துண்டு பிய்ந்த இடம் மண்ணை அழுத்தாமல் ஓரிடத்தில் ஒரு மேடு, கொஞ்சம் தள்ளி இன்னொரு மேடு, அப்புறம் இன்னொன்று. சக்கரம் ஒரு சுற்று சுற்றினால் ஒரு மேடு. அதைப் பார்த்துக்கொண்டே நின்றபோது இவர் சொன்ன கோயில் நடை ஞாபகம் வந்தது. டயரு ஒசரமா இருந்தா ஒரு சுத்துக்கு அதிக தூரம் போவும்.

"சரத்து, ஸ்டெப்னிய எறக்குப்பா."

அவர் ஏன் என்று கேட்காமல் இறக்கினார். பழைய தொள்ளாயிரம் இருபது. அதன் ஓரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டேன். கோடு தரையைத் தொடுகிற மாதிரி முதல் மேட்டில் நிறுத்தி, அடுத்த மேட்டை நோக்கி இரண்டு பேரும் மெதுவாக உருட்டினோம். கோடு ஒரு சுற்று சுற்றி மறுபடி தரையைத் தொட்டது. அடுத்த மேடு இன்னும் எட்டவில்லை. நடுவில் என் கையை வைத்துப் பார்த்தேன். கட்டைவிரலோடு சேர்த்து ஒரு கையகலம்.

மீட்டர் தூரத்தை அளக்கவில்லை. அது சக்கரத்தின் சுற்றை எண்ணி, பழைய டயராக இருந்தால் எவ்வளவு தூரமோ அவ்வளவைக் காட்டிக்கொண்டிருந்தது. டயர் மாறியதை யாரும் அதற்குச் சொல்லவில்லை. மரக்காணத்திலிருந்து பெங்களூர் வரை ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கையகலம் இவர் ஓட்டினார், அது எந்தக் கணக்கிலும் வரவில்லை.

பஷீரண்ணனுக்குப் போன் போட்டு வாங்க என்று மட்டும் சொன்னேன். வந்தார். நான் எதையும் விளக்கவில்லை, உருட்டிப் பாருங்க என்றேன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரே உருட்டினார். நம்பாமல் இரண்டாவது முறை உருட்டினார். மூன்றாவது மேட்டில் இடைவெளி இரண்டு கையகலமாகியிருந்தது. அவர் களிமண்ணிலேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்து போனை எடுத்தார். பழைய படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்து, விட்டுப்போன தூரத்தைச் சேர்த்து மறுபடி கணக்குப் போட்டார். 

"யா அல்லா," என்றார். "கரெக்டா நிக்குது தங்கச்சி. ஒரு கிலோமீட்டர்கூட எங்கயும் போவல. மைலேஜ் ஏறித்தான் இருந்திருக்கு. மொத டிரிப்புலயே ஏறியிருக்கு. அவன் சொன்ன மாதிரியேதான்."

உப்பு ஏற்றுகிற ஆட்கள் வேலையை விட்டுவிட்டுச் சுற்றி நின்றார்கள். நெயில் பாலிஷ் பூசியதைப் பார்த்த அதே ஆட்கள். பஷீரண்ணன் எழுந்து அவர்களைப் பார்த்துச் சொன்னார். எல்லாருக்கும் கேட்கும்படிதான் சொன்னார்.

"ராஜவேலு ஒரு சொட்டு டீசல்கூட எடுக்கல. நான்தான் அவன சந்தேகப்பட்டேன். எல்லாரும் தெரிஞ்சுக்குங்க. போயி ஊர்ல சொல்லுங்க."

இதற்காகத்தான் நான் இத்தனை மாதம் காத்திருந்தேன். இந்த வார்த்தையை அவர் வாயால் சொல்லக் கேட்டுவிட்டால் நெஞ்சில் அடைத்திருப்பது இறங்கிவிடும் என்று நினைத்திருந்தேன். இறங்கவில்லை. மைலேஜ் மொதல் டிரிப்பிலேயே ஏறியிருக்கு என்று அவர் சொன்னது மட்டும் காதில் சுற்றிச் சுற்றி வந்தது. அப்படியென்றால் இவர் வேகத்தைக் குறைத்திருக்க வேண்டாம். தொப்பூரில் கியரைத் தள்ளியிருக்க வேண்டாம். கையில் இருந்ததைத் தேடிக்கொண்டு போய் இந்த மனுஷன் உயிரை விட்டிருக்கிறார்.

பஷீரண்ணன் என் பக்கம் திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "என்ன மன்னிச்சிடுன்னு கேக்கக்கூட எனக்கு வாயில்ல. அவன் திருடன் இல்ல மலரு."

"திருடியிருக்கலாம்ண்ணா அவரு," என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சுற்றி நின்றவர்களுக்கும் புரியவில்லை.

"திருடறவரா இருந்திருந்தா மைலேஜப் பத்தி அவருக்கு என்ன கவல? கியர்லயே எறங்கியிருப்பாரு. வீட்டுக்கு வந்திருப்பாரு."

 பழைய டயர் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் மண்ணில் கிடந்தது. மேடைக்கு அந்தப் பக்கம் அடுத்த லாரி வந்து நின்று ஹாரன் அடித்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு சீட்டுப் போடப் போனேன்.